சதுர அடி ரேட்டுக்குள் மறைந்துபோவது: கொங்கு வட்டாரப் பொறியாளர், ஒப்பந்ததாரர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் பகுதிகளின் கட்டடப் பொறியாளர், ஒப்பந்ததாரர் சங்கத்தாருக்கு வணக்கமுங்க.

பெருந்துறைப் பக்கம் வீடு கட்டிக் கொடுக்கும் தொழிலில் இருக்கிறேன். வீடு கட்ட வருகிறவர் பிளானைக்கூட விரிக்காமல் "சதுர அடி என்ன ரேட்டுங்க?" என்பார். நாம் ஒன்று சொல்வோம். பக்கத்து ஊர்க்காரர் ஐம்பது ரூபாய் குறைத்துச் சொல்வார். வேலை அவருக்குப் போய்விடும்.

அந்த ஐம்பது ரூபாய் எங்கிருந்து வருகிறது? சிமெண்டிலும் கம்பியிலும் நம் பேரம் எடுபடாது. கூடிப் பேசி விலை வைத்ததாகச் சொல்லி 2012-இல் இந்தியப் போட்டி ஆணையம் 11 சிமெண்ட் நிறுவனங்களுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போனது. மேலே போட்டி போதவில்லை, கீழே இருக்கிற நமக்கோ மூச்சுவிட முடியாத போட்டி. அதனால் மணலிலும் செங்கல்லிலும், கான்கிரீட் இறுகத் தண்ணீர் விடும் நாட்களிலும்தான் கை வைக்கிறோம்.

தண்ணீர் விடுவதைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். இப்போது வீட்டு வேலைக்கு அதிகம் வாங்குவது சாம்பல் கலந்த பிபிசி (PPC) சிமெண்ட். அதில் 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல். மேட்டூரில் மலையாகக் குவிகிற சாம்பல் போன்றதுதான். அந்த அளவுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சுட வேண்டியதில்லை, கரியமில வாயுவும் குறையும். ஆனால் இது மெதுவாகத்தான் பலம் ஏறும். சாதா சிமெண்டுக்கு 7 நாள் என்றால், சாம்பல் கலந்ததை 10 நாளாவது ஈரம் காயாமல் வைக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456. தளத்துக்குப் பாத்தி கட்டுகிறோம், சரி. தூணுக்கு? காலையில் ஒருமுறை ஓஸ் பிடித்தால், சித்திரை வெயிலில் பதினொரு மணிக்கெல்லாம் சுற்றிய சாக்கு மொரமொரவென்று காய்ந்துவிடுகிறது. மூன்றாம் நாள் ஆட்கள் அடுத்த சைட்டுக்குப் போயாக வேண்டும். ஐந்து மாதத்தில் சாவி தருகிறோம் என்று சொல்லித்தானே வேலையைப் பிடித்தோம்! அப்புறம் பூச்சு வெடித்தால் "பிபிசி சரியில்லைங்க" என்று சிமெண்ட் மேல் பழி.

பாறையை உடைத்துப் பொடித்த மணலான எம்-சாண்டும் அப்படித்தான். மிக நுண்ணிய பொடி 15 சதவீதம் வரை இருக்கலாம் என்கிறது மணல், ஜல்லிக்கான தர விதி ஐஎஸ் 383. விலை குறைத்துக் கேட்டால் கல் உடைக்கும் கிரஷரின் தூசி கலந்த லோடு வருகிறது. ஒரு கை அள்ளிக் கண்ணாடி பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் மணலுக்கு மேல் சேறு மாதிரி ஒரு படலம் தனியாகப் படியும். அந்தத் தூசி தண்ணீரைக் குடிக்கும். கொத்தனார் இன்னொரு வாளி ஊற்றுவார், கலவையின் பலம் இறங்கும். காவிரியும் அமராவதியும் பிழைக்கட்டும் என்றுதானே எம்-சாண்டுக்கு மாறினோம்? இதற்குக் கெட்ட பெயர் வந்தால் ஜனங்கள் மறுபடி ஆற்றுமணலைத்தான் கேட்பார்கள்.

செங்கல் கதைக்குக் கோவைப் பக்கத்துத் தடாகம் என்கிற ஊர் ஒன்றே உதாரணம். உரிமமில்லாத 180-க்கும் மேற்பட்ட சூளைகள் 2021-இல் அங்கே மூடப்பட்டன. செம்மண் எடுத்த பள்ளங்கள் அப்படியே கிடக்கின்றன. அனுமதி வாங்கிப் பணம் கட்டி மண் எடுப்பவரின் கல், திருட்டு மண்ணில் அறுத்த கல்லோடு விலையில் போட்டி போடவே முடியாது. சதுர அடி ரேட்டுக்குள் போய்விட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இப்படிக் கட்டிய வீடு, பேரன் காலம் வரை நிற்க வேண்டியது, மகன் காலத்திலேயே கம்பி துருப்பிடித்து இடிபடும். அதற்கு மறுபடி குன்றை உடைப்போம், மறுபடி மண் தோண்டுவோம்.

எல்லோரும் சேர்ந்து குறைந்தபட்ச ரேட் வைக்கச் சொல்லவில்லை. அது சிமெண்ட் நிறுவனங்கள் மேல் சொல்லப்பட்ட அதே தப்பு. டெண்டர் சட்டப்படி அரசு வேலையும் குறைந்த விலைக்காரருக்குத்தான் போகிறது. ஆனால் அங்கே அளவும் தரமும் எழுதிய பட்டியல் இருக்கிறது. நம் வீட்டு வேலைக்கும் அப்படி ஒரு பொதுப் படிவம் கொண்டுவாருங்கள். எந்தச் சிமெண்ட், எந்தக் கிரஷர் மணல், அதன் சோதனைச் சீட்டு, கல் எந்தச் சூளையிலிருந்து வருகிறது, எத்தனை நாள் தண்ணீர் விடுவது, எல்லாம் அதில் இருக்கட்டும். தண்ணீர் விடும் ஆளின் கூலி கட்டாயம் தனி வரியாக வர வேண்டும். அதற்கப்புறம் விலையில் தாராளமாகப் போட்டி போடலாம்.

அடுத்த பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். படிவத்தின் வரைவை எழுதித் தர நான் தயார்.

அன்புடன்,
பெருந்துறையிலிருந்து ஒரு கட்டட ஒப்பந்ததாரர்