படம் அழகாக இருந்தால் போதாது, உயரம் சரியாக இருக்க வேண்டும்

சென்னையை முப்பரிமாணத்தில் வரையப்போகும் அதிகாரிகளுக்கும் பொறியாளர்களுக்கும் வணக்கம்.

நான் வேளச்சேரிக்காரன். புவித் தகவல் வரைபடங்கள் செய்வதுதான் என் தொழில். 2035க்குள் நாட்டின் பெருநகரங்களுக்கு டிஜிட்டல் ட்வின், அதாவது கணினிக்குள் நகரத்தின் முப்பரிமாண நகல், வேண்டும் என்கிறது 2022ஆம் ஆண்டின் தேசியப் புவிசார் கொள்கை. சென்னையின் முறை வரும்போது உயரத்தை மறந்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

ட்ரோன் படங்களைப் பொருத்தி ஊரையே முக்கோண வலையாகப் பின்னி, மேலே புகைப்படத்தைப் போர்த்திவிடலாம். அதைத் துண்டுகளாக்கி, பார்க்கிற இடத்தை மட்டும் துல்லியமாக அனுப்பினால் சாதாரண போனின் பிரவுசரிலேயே ஓடும். சீசியம் என்ற திறமூல மென்பொருளும் 3டி டைல்ஸ் என்ற திறந்த தரமும் இதற்கென்றே இருக்கின்றன.

எங்கள் தெருவைப் போனில் படமெடுத்து நானே செய்து பார்த்தேன். சுவரொட்டி வரை அச்சு அசலாக வந்தது. வரைபடத்தில் வைத்ததும் தெருவே வானத்தில் மிதந்தது! நான் கொடுத்தது கடல் மட்டத்திலிருந்து உயரம். மென்பொருள் எதிர்பார்த்தது நீள்கோளப் பரப்பிலிருந்து உயரம், அதாவது பூமியை லேசாகத் தட்டிய உருண்டையாக வைத்து ஜிபிஎஸ் கணக்கிடும் உயரம். சென்னையில் இரண்டுக்கும் 80 மீட்டருக்கு மேல் வித்தியாசம். சரி, அவ்வளவு பெரிய பிழை உடனே கண்ணில் படும். எனக்குப் பயம் அரை மீட்டர் பிழையில்தான். படம் பளிச்சென்றே இருக்கும். ஆனால் வெள்ளத் தண்ணீர் வாசற்படியோடு நிற்குமா, கட்டிலைத் தொடுமா என்பதைத் தப்பாகச் சொல்லிவிடும். 2015 டிசம்பரைப் பார்த்தவர்களுக்கு அந்த அரை மீட்டர் என்னவென்று தெரியும். சமவெளிக்கு 25 சென்டிமீட்டர் துல்லியம் வேண்டும் என்று அதே கொள்கை கேட்கிறது. மரத்தடியிலும் பள்ளிக்கரணைக் கோரைக்குள்ளும் கேமராவுக்குத் தரை தெரியாது. அங்கே லேசர் ஒளியால் தூரத்தை அளக்கும் லைடார் வையுங்கள்.

அப்புறம், புகைப்படப் போர்வையில் வீடும் மரமும் நிறுத்திய காரும் ஒட்டிய ஒரே தோல்தான். இது எந்த வீடு, எத்தனை மாடி என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது. ஜப்பான் அரசு 2020இல் தொடங்கிய பிளாட்டோ திட்டத்தில் ஒவ்வொரு கட்டடமும் தனிப் பொருள். வெள்ளம் எந்த மாடி வரை ஏறும் என்று பிரவுசரிலேயே பார்க்கலாம், தரவை இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். நமக்கும் அப்படித்தான் வேண்டும்.

முழு நகரமும் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். முதல் வார்டு முடிந்ததும், உயரம் எந்த அடிப்படையில் எடுத்தது, எவ்வளவு பிழை இருக்கலாம் என்று குறித்து வெளியிடுங்கள். எங்கள் தெருவுக்கு நானே லெவல் கருவி வைத்துச் சரிபார்த்துத் தருகிறேன்.