படம் முடியட்டும், பிறகு பரிமாறட்டும்

ஆசிரியருக்கு,

வணக்கம். காதலும் பயணமும் கலந்த ஒரு படத்தை மொராக்கோ உணவகத்தில் விருந்து வைத்துக் கொண்டாடலாம் என்று சென்ற இதழ்க் கட்டுரையில் வந்த யோசனை அருமை. ஆனால் சுவரில் படம் ஓட, அதைப் பார்த்தபடியே சாப்பிடலாம் என்று எழுதியிருந்ததை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. படம் முதலில் முடிய வேண்டும், சாப்பாடு அதன் பிறகு வர வேண்டும். மொராக்கோ விருந்தின் முறை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

அங்கே ஆளுக்கொரு தட்டு கிடையாது. எல்லோருக்கும் நடுவில் ஒரே பெரிய தட்டு. வலது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றால் ரொட்டியைக் கிள்ளி, குழம்பை அள்ளி எடுக்க வேண்டும். ஹிட்ச்காக் 1956-இல் எடுத்த ‘த மேன் ஹூ நியூ டூ மச்’ படத்தில், மொராக்கோவின் மராகேஷ் நகர உணவகக் காட்சியில் இதே பாடம்தான் நடக்கிறது. அவரவர் முன்னால் இருக்கும் பங்கில்தான் கை வைக்கலாம், அடுத்தவர் பக்கம் நீட்டுவது நாகரிகமில்லை. ஓரத்துக் காய்கறியும் குழம்பும் முதலில், நடுவில் இருக்கும் கறி கடைசியில். அந்தக் கறியை விருந்தளிப்பவர் எலும்பிலிருந்து பிய்த்து, நல்ல துண்டாகப் பார்த்து, மற்றவர் பக்கம் நகர்த்தி வைப்பார். எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் காதலர் இருவர் ஒருவருக்கொருவர் இதைச் செய்வதைவிடப் பொருத்தமான கொண்டாட்டம் வேறு என்ன இருக்கிறது? கண் திரையில் இருந்தால் கை தட்டில் தடுமாறும், குழம்பு மடியில் வழியும், நகர்த்தி வைத்த துண்டு கவனிப்பாரற்று ஆறிப்போகும்.

உணவகத்தில் இடம் பதிவு செய்யும்போதே படம் முடியும் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். பேரீச்சை அல்லது உலர்ந்த பிளம் சேர்த்த ஆட்டுக்கறித் தாஜின் (கூம்பு மூடி போட்ட மண் பாத்திரத்தில் வேகும் குழம்பு, பாத்திரத்துக்கும் அதே பெயர்) வேக இரண்டரை மணி முதல் மூன்று மணி நேரம் ஆகும். கோழி என்றால் ஒன்றரை மணி நேரம். அதாவது நீங்கள் படம் பார்க்க உட்காரும்போதே சமையலறையில் அடுப்பு எரிய ஆரம்பித்திருக்க வேண்டும். பஸ்தீயா எனும் அடுக்குப் பலகாரத்தை முதல் நாளே சொல்லிவைக்காமல் போய்க் கேட்டால், உறைய வைத்திருந்ததைச் சூடாக்கித்தான் கொடுப்பார்கள்.

உணவைத் தேர்ந்தெடுக்கும்போது படத்தின் வழித்தடத்தைப் பின்பற்றுங்கள். கட்டுரையில் எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே பட்டியல் போட்டிருந்தீர்கள். கதை ஃபெஸ் நகரச் சந்துகளில் நடந்தால் அதற்குரியது பஸ்தீயா. வர்க்கா எனும் மெல்லிய மாவுத்தாளுக்குள் புறாக்கறி (இப்போது பெரும்பாலும் கோழி), வெங்காயச் சாற்றில் கிளறிய முட்டை, வறுத்துப் பொடித்த பாதாம் மூன்றையும் அடுக்கிச் சுட்டு, மேலே சர்க்கரைத் தூளும் பட்டைத் தூளும் தூவுவார்கள். முட்டையை ஈரம் போகக் கிளறாவிட்டால் அடித்தாள் ஊறிக் கிழிந்துவிடும். வெட்டியதும் அடியில் நீர் கசிந்தால் அவசரத்தில் செய்தது என்று அர்த்தம். மராகேஷ் என்றால் தஞ்சியா. உயரமான மண் ஜாடியில் கறி, பூண்டு, சீரகம், குங்குமப்பூ, உப்பிலிட்ட எலுமிச்சை, ஸ்மென் எனும் பழைய வெண்ணெய் எல்லாம் போட்டு, வாயைத் தாள் கட்டி மூடி, பொதுக் குளியல் கூடத்து உலையின் சாம்பலில் பல மணி நேரம் புதைத்து வைப்பார்கள். எஸ்ஸவீரா, சாஃபி போன்ற கடலோர ஊர்களில் நடக்கும் கதைக்கு, கொத்தமல்லி, பூண்டு, சீரகம், மிளகாய்த்தூள், எலுமிச்சைச் சாறு அரைத்த ஷர்மூலாவில் ஊறிய மீன். கதை நடக்கும் இடம் வேறு, படம் எடுத்த இடம் வேறாகவும் இருக்கும். 1942-இல் வந்த ‘காசாபிளாங்கா’ கலிபோர்னியாவில் எடுத்தது. அந்தப் படத்தில் வரும் ரிக்ஸ் கஃபேயின் பெயரில் இன்று காசாபிளாங்கா நகரில் உள்ள உணவகமும் 2004-இல்தான் திறந்தது. இப்படிப்பட்ட படங்களுக்குக் கதையின் ஊரையே கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

பட்டியலில் ஹம்முஸ் எனும் கொண்டைக்கடலை மசியல், ஃபலாஃபெல் எனும் பருப்பு வடை இரண்டும் இருந்தன. இவை மத்தியதரைக் கடலின் கிழக்குக் கோடியில் உள்ள லெபனான், பாலஸ்தீனம், சிரியா பக்கத்தவை. மொராக்கோ இருப்பது மேற்குக் கோடியில். அங்கே முதலில் வருவது சமைத்த சாலடுகள்: சுட்ட கத்தரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், குடமிளகாயும் தக்காளியும் வதக்கிய தக்தூக்கா, சீரகம் போட்ட கேரட். இவற்றோடு கொப்ஸ் எனும் வட்ட ரொட்டி. இசை வேண்டுமென்றால் கின்ப்ரி தந்தி வாத்தியமும் இரும்புத் தாளங்களும் ஒலிக்கும் க்னாவா இசை இருக்கிறது. தொப்புள் நடனமும் கிழக்கிலிருந்து வந்ததுதான்.

தாஜின் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கட்டுரையில் அதிகம் பிழைபட்டது அதுதான். ‘நன்கு சூடான அடுப்பில் மண் தாஜினை வையுங்கள்’ என்ற வரியை நம்பி வீட்டில் முயன்றவர்கள் பாத்திரம் விரிசல் விட்டதைப் பார்த்திருப்பார்கள். பூச்சில்லாத புதுத் தாஜினை ஓர் இரவு முழுக்கத் தண்ணீரில் ஊற வைத்து, உலர்த்தி, ஆலிவ் எண்ணெய் தடவி, குளிர்ந்த ஓவனில் வைத்துப் படிப்படியாக 150 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, இரண்டு மணி நேரம் விட்டு, ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். கேஸ் அடுப்பில் வைக்கும்போது அடியில் இரும்புத் தகடு அவசியம். தீ எப்போதும் சிறிதாகவே இருக்கட்டும். நடுவில் நீர் வற்றினால் வெந்நீர்தான் ஊற்ற வேண்டும், குளிர்ந்த நீர் பட்டால் பிளந்துவிடலாம்.

கோழித் தாஜினுக்கு அளவு இது: நான்கு பேருக்கு ஒன்றரைக் கிலோ கோழி, துருவிய பெரிய வெங்காயம் இரண்டு, பூண்டு மூன்று பல், சுக்குத்தூள் ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரை, மஞ்சள்தூள் அரை, ஒரு சிட்டிகை குங்குமப்பூ, ஆலிவ் எண்ணெய் கால் கோப்பை, கைப்பிடி கொத்தமல்லியும் பார்ஸ்லியும். தண்ணீர் அரைக் கோப்பைக்கு மேல் வேண்டாம். வெங்காயமும் கோழியும் விடும் நீரே ஆவியாகிக் கூம்பு மூடியில் பட்டுத் திரும்ப இறங்கும். நிறைய தண்ணீர் ஊற்றினால் வெங்காயம் கரையாமல் நாராக மிதக்கும், குழம்பு சூப் ஆகிவிடும். உப்பிலிட்ட எலுமிச்சையின் சதையை வழித்தெடுத்துவிட்டுத் தோலை மட்டும், கைப்பிடி ஆலிவோடு, கடைசி இருபது நிமிடத்தில் சேர்க்க வேண்டும். இரண்டிலும் உப்பு இருப்பதால் முன்பே முழு உப்புப் போட்டால் வாயில் வைக்க முடியாது. அந்த எலுமிச்சைக்குப் பதிலாகப் புது எலுமிச்சை பிழியலாம் என்ற கட்டுரையின் யோசனையும் சரியில்லை. காம்புப் பக்கம் ஒட்டியிருக்க நான்காகக் கீறி, உப்புத் திணித்து, சாறு மேலே நிற்க நான்கு வாரமாவது ஊறினால்தான் தோலின் கசப்பு போய் அந்த மணம் வரும். பழம் சாற்றுக்கு மேலே தலை நீட்டினால் பூசணம் பிடிக்கும்.

உணவகத்தில் மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். பல இடங்களில் பெரிய குண்டாவில் வேக வைத்து, சூடான தாஜினுக்கு மாற்றிக் கொண்டுவருகிறார்கள். ரொட்டித் துண்டால் குழம்பை ஒருமுறை வழித்துப் பாருங்கள். வெங்காயம் அடையாளம் தெரியாமல் கரைந்து, கெட்டியாக ரொட்டியில் ஒட்டி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நின்றால் பொறுமையாகச் சமைத்தது.

கூஸ்கூஸ் எனும் கோதுமை ரவை உணவு விஷயத்தில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைப்பது உடனடி வகைக்கான வழி. அது பசி தீர்க்கும், விருந்துக்கு ஆகாது. முறைப்படி, அரைக் கிலோ ரவையில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் தேய்த்து, தண்ணீர் தெளித்து, விரலால் உதிர்த்து, குழம்புக் குண்டாவின் மேல் துளைத்தட்டில் ஆவியில் பதினைந்து நிமிடம் வேக வைப்பார்கள். பிறகு அகலத் தட்டில் கொட்டி, கட்டி உடைத்து, உப்புநீர் தெளித்து மறுபடியும் ஆவிக்கு. இப்படி மொத்தம் மூன்று முறை. இரண்டு பாத்திரமும் சேரும் இடத்தில் ஈரத்துணி சுற்றாவிட்டால் ஆவி பக்கவாட்டில் தப்பி, மேலே ரவை வேகாது. 2020-இல் அல்ஜீரியா, மொரிட்டானியா, மொராக்கோ, துனிசியா நான்கும் சேர்ந்து கேட்டு யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது இந்தக் கலைதான். மொராக்கோ வீடுகளில் இது வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு. எனவே இரவு விருந்தில் தாஜினோடு போட்டிக்கு வைக்க வேண்டியதில்லை, ஒன்று போதும்.

கடைசியாகப் பழம், பிறகு புதினாத் தேநீர். படத்தைப் பற்றிப் பேச வேண்டியதை இந்தக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், கை காலியாகும் நேரம் இது. உருண்டையாகச் சுருண்ட சீனப் பச்சைத் தேயிலை ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி. முதலில் ஊற்றும் கொஞ்சம் வெந்நீரை வடித்துத் தனியே வைப்பார்கள், அதில்தான் தேயிலையின் மணம் இருக்கும். இரண்டாவதாகக் கழுவிய கலங்கல் நீரைக் கொட்டிவிட்டு, எடுத்து வைத்ததைத் திரும்பச் சேர்த்துக் கொதிக்க வைப்பார்கள். புதினாக் கட்டு நீருக்குள் முழுக்க அமுங்க வேண்டும், மேலே மிதக்கும் இலை கருகிய வாடை தரும். ஒரு கிளாஸ் ஊற்றித் திரும்பக் கூஜாவிலேயே கொட்டி, இரண்டு மூன்று முறை கலந்த பிறகுதான், உயரத்திலிருந்து நுரை எழ ஊற்றுவார்கள். சர்க்கரை கிளாஸில் போடுவதல்ல, கூஜாவுக்குள் முன்பே போய்விடும். குறைவாக வேண்டுமென்றால் தாஜினின் மூடி திறக்கும்போதே பரிமாறுபவரிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்