இம்பாலில் தோற்றது அரிசிக் கணக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போர் பற்றி உங்கள் இதழில் வரும் தொடரை முதல் பகுதியிலிருந்து விடாமல் படிக்கிறேன். சென்ற இதழில் இம்பால் - கோஹிமா போர் என்று பார்த்ததும் மற்ற பக்கங்களைத் தள்ளிவிட்டு அதைத்தான் முதலில் எடுத்தேன். அந்தச் சாலை எனக்குத் தெரிந்த சாலை. பட்டாளத்தில் சர்வீஸ் கோர் டிரைவராக இருந்தபோது, எண்பதுகளில் மூன்று வருஷம், திமாப்பூரிலிருந்து இம்பாலுக்கு ரேஷன் லாரி ஓட்டியிருக்கிறேன்.

கட்டுரையில் தளபதிகள் வருகிறார்கள், டாங்கிகள் வருகின்றன, கோஹிமா டென்னிஸ் மைதானத்தில் நடந்த கைகலப்பு வருகிறது. எல்லாம் சரி. ஆனால் முடிவில் 'பருவமழை ஜப்பானியரைத் தோற்கடித்தது' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அது எனக்குப் பொறுக்கவில்லை. மழை பெய்தது உண்மைதான். மழை வலுப்பதற்கு முன்பே அவர்கள் அடுப்பு அணைந்துவிட்டது.

1944 மார்ச்சில், இந்தியாவுக்குள் நுழைய, ஜப்பானிய ஜெனரல் முதாகுச்சியின் 15ஆவது ராணுவம் பர்மாவின் சிந்த்வின் ஆற்றைக் கடந்தது. சுமார் 85,000 பேர். கையிலும் முதுகிலும் இருந்த உணவு ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு. நான்காவது வாரம்? அதற்குள் இம்பாலைப் பிடித்து, ஆங்கிலேயரின் கிடங்கிலிருந்தே சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பதுதான் திட்டம். கூடவே மாட்டு மந்தைகளை ஓட்டிப் போனார்கள். சுமையும் தூக்கும், தேவைப்பட்டால் கறியும் ஆகும் என்ற எண்ணம். ஆற்றிலேயே பல மாடுகள் போயின, மிச்சம் மலைப்பாதையில் விழுந்து செத்தன. எங்கள் ஊரில் ஏர் மாடு வைத்திருந்த யாரைக் கேட்டிருந்தாலும், பழக்கமில்லாத மாட்டைப் பாரத்தோடு மலையேற்ற முடியாது என்று சொல்லியிருப்பார்கள்.

எதிர்ப்பக்கம், ஆங்கிலேயரின் 14ஆவது ராணுவத் தளபதி ஸ்லிம் என்ன செய்தார்? முன்னால் நின்ற படைகளை இம்பால் சமவெளிக்குப் பின்வாங்கச் சொன்னார். ஜப்பானியர் முன்னேற முன்னேற அவர்களுடைய வழி நீளும், தன்னுடையது சுருங்கும் என்பது அவர் கணக்கு. திமாப்பூர் - இம்பால் சாலையை ஜப்பானியர் அறுத்தபோது விமானம் வந்தது. 5ஆவது இந்திய டிவிஷனை பர்மாக் கடற்கரையோர அரக்கான் போர்முனையிலிருந்து துப்பாக்கி, கோவேறு கழுதை சகிதம் வானவழியாக இறக்கினார்கள். முற்றுகைக் காலத்தில் சுமார் 19,000 டன் சரக்கு வானத்திலிருந்து வந்தது. அதே விமானங்கள் திரும்பிப் போகும்போது காயம்பட்டவர்கள் சுமார் 13,000 பேரையும், சண்டை போடாதவர்கள் சுமார் 43,000 பேரையும் வெளியே கொண்டுபோயின. சாப்பிடும் வாயைக் குறைப்பதும் சப்ளைதான். இதைப் படித்தபோது எங்கள் பழைய சுபேதாரை நினைத்துக்கொண்டேன். ஒவ்வொரு வண்டிக்கும் எத்தனை பேர் சாப்பாடு என்று கேட்காமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

இன்னொன்று. சரக்கை விமானத்திலிருந்து போட பாராசூட் வேண்டும், பட்டுத்துணிப் பாராசூட்டோ கிடைக்கவில்லை. 14ஆவது ராணுவத்தின் சப்ளை தலைவர் ஸ்னெல்லிங்கின் ஆட்கள் கல்கத்தா சணல் ஆலைகளோடு பேசி, சணலிலேயே பாராசூட் செய்துவிட்டார்கள். ஒரு பாராசூட்டுக்கு இருபது பிரிட்டிஷ் பவுண்டுக்கு மேல் ஆகும் இடத்தில் ஒரு பவுண்டுக்குச் சற்று மேலே. ஆள் குதிக்க உதவாது, மூட்டைக்குப் போதும். நம் வீட்டுக் கோணிப்பை துணிதான் ஐயா அது! இதற்குக் கட்டுரையில் ஒரு பத்தி கொடுத்திருக்கக் கூடாதா?

கோஹிமாவில் சண்டை நடந்த குன்றுகளின் பெயர்களை நீங்களே அச்சிட்டிருக்கிறீர்கள்: எஃப்.எஸ்.டி. குன்று, டி.ஐ.எஸ். குன்று, ஜி.பி.டி. முகடு. அவை என்னவென்று சொல்லவில்லை. முதலாவது, களத்துக்கான உணவுக் கிடங்கு. இரண்டாவது, அன்றாடப் பொருள்கள் பட்டுவாடா செய்த இடம். மூன்றாவது, லாரிகள் நின்ற இடம். அரிசி மூட்டையும் வண்டியும் இருந்த இடங்களில்தான் அத்தனை பேர் செத்தார்கள். தண்ணீர் வந்த வழியும் போய், முற்றுகைக்குள் மாட்டிக்கொண்ட ஆங்கிலேயர் பக்கத்துப் படையினர் ஒரு சிறு ஊற்றை நம்பி, இரவில் மட்டும் மொண்டு, ஆளுக்கு ஒரு குவளைக் கணக்கில் குடித்துத் தாக்குப்பிடித்தார்கள்.

ஒரு ஜூலை மாதம் கோஹிமாவைத் தாண்டி மண்சரிவில் எங்கள் கான்வாய் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது. என் வண்டியில் மூன்று டன் அரிசி. தார்ப்பாயை இழுத்துக் கட்டியும் ஓரத்து மூட்டைகள் நனைந்து, புழுங்கிய வாடை டிரைவர் சீட் வரை வந்தது. மேலே இருந்த போஸ்டிலிருந்து வயர்லெஸ்ஸில் ஒரே கேள்விதான்: "வண்டி எங்கே வருது?" அவர்கள் பசியில்கூட இல்லை, இருப்பு குறைகிறது என்ற கவலைதான். அதற்கே அந்தக் குரல் அப்படி இருந்தது. 1944இல் ஜப்பானிய 31ஆவது டிவிஷனின் தளபதி சாதோ அதே கேள்வியை வாரக்கணக்காகக் கேட்டிருக்கிறார். வண்டி வரவே இல்லை. பசித்த படை நாகர் கிராமங்களின் நெல்லில் கைவைத்தது. அந்த நாகர்களோ, ஆங்கிலேயர் பக்கத்துக் காயம்பட்டவர்களைத் தூக்கிச் சுமந்தார்கள், வழி காட்டினார்கள். மே கடைசியில் சாதோ மேலிட உத்தரவை மீறித் தன் ஆட்களைத் திருப்பிக்கொண்டு போனார். ஜப்பானிய ராணுவத்தில் டிவிஷன் தளபதி ஒருவர் அப்படிச் செய்வது கேள்விப்படாத விஷயம். அவரைக் கோழை என்று எழுதியிருந்தீர்கள். அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தப் படையெடுப்பில் ஜப்பானியருக்கு நேர்ந்த மரணம் சுமார் 30,000 என்கிறார்கள். அதில் பெரும்பகுதி பசியும் நோயும். நேதாஜியின் படையினரும் அதே பாதையில் அதே பட்டினியோடுதான் திரும்பினார்கள்.

அப்புறம், நம்மவர்கள் விஷயம். கட்டுரையில் சயாம் ரயில்பாதை, அதாவது தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பானியர் போட்ட பாதை, இல்லவே இல்லை. ரங்கூனுக்குப் போகும் கடல்வழி ஆபத்தானபின், பர்மாவிலிருந்த ஜப்பானியப் படைக்குச் சரக்கு கொண்டுபோகத்தான் அந்த 415 கிலோமீட்டர் பாதையைப் போட்டார்கள். 1943 அக்டோபரில் முடிந்தது, இம்பால் படையெடுப்புக்கு ஐந்து மாதம் முன்பு. அந்தப் பாதையில் 12,000க்கு மேற்பட்ட போர்க்கைதிகள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 வரை இருக்கும் என்று கணிக்கிறார்கள். அவர்களில் பலர் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குக் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. நம் தோட்டத்து ஆட்களுக்கு அப்படிப் பெயரோடு வரிசையாகக் கல்லறைகள் இல்லை. அவர்களை இம்பால் கதையிலிருந்து பிரித்து, தனியான ஒரு சோகக் கதையாக மட்டும் எழுதுவது தப்பு. ஒரே போரின் ஒரே சப்ளை லைன் அது.

கோஹிமா கல்லறைத் தோட்டத்துக்கு லீவு நாளில் போயிருக்கிறேன். டென்னிஸ் மைதானத்தின் கோடுகளை வெள்ளை சிமெண்டில் பதித்து வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அங்கே நின்று போட்டோ எடுப்பார்கள். இந்து, சீக்கிய வீரர்கள் எரியூட்டப்பட்டதற்கான நினைவிடமும் அங்கேயே இருக்கிறது, 917 பேர். அங்கே நின்றவர்கள் குறைவு.

தொடர் புத்தகமாக வரப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். உங்கள் வரைபடத்தில் படைகள் போன அம்புக்குறிகள் மட்டுமே இருக்கின்றன. புத்தகத்தில் அதை மாற்றி வரையச் சொல்லுங்கள். திமாப்பூர் ரயில் நிலையத்தைக் குறியுங்கள், கோஹிமாவிலிருந்து 74 கிலோமீட்டர். பிரம்மபுத்திராவில் ரயில் பெட்டிகளைப் படகில் ஏற்றிக் கடத்திய துறையைக் குறியுங்கள், அப்போது அங்கே பாலம் கிடையாது. கீழே, படத்துக்குள் வராவிட்டால் படத்தைப் பெரிதாக்கியாவது, சயாம் பாதையையும் போடுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் படைவீரர் ஒருவர்,
வேலூர் மாவட்டம்.