வேலைக்குச் சேரப் போகும் தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பெரிய கடையில் வேலை கிடைத்துவிட்டது என்று படித்ததும் அவ்வளவு சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் இப்போது தானாகவே பள்ளிக்குக் கிளம்பிவிடுகிறான், அதனால் காலை ஷிப்டுக்கு நிம்மதியாகப் போகிறேன். என்னை பில்லிங்கிலிருந்து சரக்கு இறக்கும் பகுதிக்கு மாற்றியிருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆட்களிடம் பேசி விற்க வருமா என்று பயமாக இருப்பதாக எழுதியிருந்தாய். அந்தப் பயம் வேண்டாம். இந்த மாதிரிக் கடைகளில் பெரும்பாலும் அலமாரிதான் விற்கிறது. முன்பெல்லாம் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் ஒவ்வொரு சாமானாக எடுத்துத் தருவார். 1916இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பிக்லி விக்லி என்ற கடை, வருபவர்களே உள்ளே போய் வேண்டியதை எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டது. அந்த முறை பரவியதும் கடையாட்களின் வேலையே மாறிவிட்டது. எடுத்துக் கொடுப்பது போய், எடுக்க எடுக்க நிரப்பி வைப்பதுதான் இப்போது நம் வேலை.

உன் நாளில் பெரும்பகுதி அதற்கே போகும். எந்தத் தட்டில் எந்தப் பொருள், எத்தனை வரிசை என்று மேலிடத்திலிருந்து படமே வந்துவிடும். பிளானோகிராம் என்பார்கள். நம் இஷ்டத்துக்கு அடுக்க முடியாது. கண் உயரத்தில் இருக்கும் தட்டில்தான் கை முதலில் போகும், அந்த இடத்துக்காகப் பணம் கொடுக்கும் கம்பெனிகளும் உண்டு. அப்புறம், புதுச் சரக்கைப் பின்னால் வைத்து, தேதி நெருங்கியதை முன்னால் இழுக்க வேண்டும். கூட்ட நேரத்தில் இதை யாரும் செய்ய விரும்புவதில்லை, புதுசை அப்படியே முன்னால் அடுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். பின்னால் கிடப்பது காலாவதியாகி, ஒருநாள் யாராவது குழந்தைக்கு என்று எடுத்துப் போவார்கள். யார் அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

அடுத்தது கால். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே இருப்பாய். ஆரம்பத்தில் கெண்டைக்கால் நன்றாகவே வலிக்கும். நல்ல ஷூ வாங்கு, அதையும் சாயங்காலம் போய் வாங்கு. அந்த நேரத்தில் பாதம் சற்று வீங்கியிருக்கும், அப்போது பொருந்துவதுதான் நாள் முழுக்கப் பொருந்தும். பெட்டியைத் தூக்கும்போது இடுப்பை வளைக்காமல் முட்டியை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்கு. உட்கார இடம் உண்டா, இடைவேளை எப்போது என்பதை முதலிலேயே கேட்டுவிடு. கேட்பதில் தப்பே இல்லை.

ஊருக்கு விடுமுறை என்றால் நமக்கு அன்றுதான் கூட்டம். அதனால் ஷிப்ட் பட்டியல் எத்தனை நாள் முன்னால் வரும் என்று விசாரித்து வை. வீட்டிலும் சொல்லி வை.

வாடிக்கையாளர் சத்தம் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். பாதிச் சண்டை விலையில்தான் வரும். தட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. பாக்கெட்டில் இருக்கும் பார்கோடில் விலை கிடையாது, வெறும் எண்தான், பெரும்பாலும் 13 இலக்கம். விலை கடையின் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அங்கே மாற்றிவிட்டு, தட்டில் இருக்கும் சீட்டை மாற்ற மறந்திருப்பார்கள். ஆக, கத்துகிறவர் பக்கம் நியாயம் இருக்கலாம். பதில் பேசாமல் தட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வா. நாம் நடந்து போய்ப் பார்ப்பதைக் கண்டாலே பலர் தணிந்துவிடுவார்கள். அப்படியும் அசிங்கமாகப் பேசினால் நீ தனியாகத் தாங்கிக்கொள்ள வேண்டியதில்லை, உடனே சூப்பர்வைசரைக் கூப்பிடு.

பில்லிங்கில் போட்டால், கல்லாப் பணத்தை உன் கையால் எண்ணாமல் கையெழுத்துப் போடாதே. உன் பாஸ்வேர்டில் வேறு யாரையும் பில் போட விடாதே, எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி. ராத்திரி கணக்கு குறைந்தால் உன் பெயர்தான் வரும்.

சேர்ந்ததும் எந்தப் பிரிவு என்று எழுது. துணிப் பிரிவு என்றால் சொல்ல வேண்டியது வேறு நிறைய இருக்கிறது, அதற்குத் தனியாக ஒரு கடிதம் போடுகிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி