பழைய கேம் அலமாரியைத் திருப்பி வையுங்கள்: கடை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நம் வீடியோ கேம் கடைகளின் கிளை ஒன்றில் கவுண்டரில் நிற்கும் ஊழியர் எழுதுகிறேன். இனிமேல் வாடிக்கையாளர்களிடமிருந்து பழைய கேம் வாங்கக் கூடாது, இருப்பதைத் தள்ளுபடியில் தீர்த்துவிட்டு அந்த அலமாரியில் பொம்மைகளையும் டி-ஷர்ட்டுகளையும் அடுக்க வேண்டும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் சொன்னபடி எல்லாம் செய்து முடித்தாயிற்று. அதற்குப் பிறகு கடைக்குள் என்ன நடக்கிறது என்று யாரும் உங்களுக்கு எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். அதனால் நான் எழுதுகிறேன்.

கேமை இணையத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளும் டவுன்லோட் வந்து நம் தொழிலை என்ன செய்தது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, கணக்குப் புத்தகம் உங்களிடம்தான் இருக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். பழைய கேம் வாங்குவதையும் விற்பதையும் மறுபடி தொடங்குங்கள்.

சுற்றறிக்கை வந்த சில நாட்களிலேயே ஒரு பையன் அம்மாவோடு கடைக்கு வந்தான். நமக்குப் பழக்கமான பையன்தான். பையில் ஆடி முடித்த டிஸ்க்குகளைக் கொண்டு வந்திருந்தான், ஒரு கீறல்கூட இல்லாமல், எல்லாம் அதனதன் உறையில். அவற்றைக் கொடுத்து, கையில் சேர்த்து வைத்திருந்த பணத்தையும் போட்டு, புதிதாக வந்திருக்கும் ஒரு கேமை வாங்குவது அவன் திட்டம். எப்போதும் அப்படித்தான் வாங்குவான். இப்போது எடுப்பதில்லை என்று நான் சொன்னதும் அவன் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தான். "அப்ப இதையெல்லாம் என்ன பண்றது தம்பி?" என்று அந்த அம்மா கேட்டார். அதற்கு நீங்கள் எனக்கு ஒரு பதிலும் கொடுத்து அனுப்பவில்லை. சுற்றறிக்கையில் இருந்த "உங்கள் புரிதலுக்கு நன்றி" என்ற வரியை அந்த முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியவில்லை. ஆன்லைனில் வாங்கிக்கொள்ளட்டும் என்று நீங்கள் நினைக்கலாம். அவனிடம் கார்டு கிடையாது, அவன் அம்மா தன் கார்டு எண்ணை ஒரு கன்சோலில் (கேம் ஆடும் கருவியில்) பதிந்து வைக்கத் தயாராக இல்லை. அது அவர் விருப்பம், நியாயமானதும்கூட. வாங்க வந்தவர்கள் எதுவும் வாங்காமல் போனார்கள். புதிய கேமின் விற்பனையும் சேர்ந்துதான் போனது என்பதைக் கவனியுங்கள்.

அந்த ஒரு பையனிடம் நாம் இழந்தது எத்தனை விற்பனை என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அவன் கொடுத்திருந்தால் அந்த டிஸ்க்குகள் அலமாரிக்குப் போயிருக்கும், புதிய விலை கொடுக்க முடியாத இன்னொருவர் அவற்றை எடுத்துப் போயிருப்பார், அவரும் ஆடி முடித்துவிட்டு ஒருநாள் திரும்பக் கொண்டு வந்து வேறு எதையாவது வாங்கியிருப்பார். அவன் கையில் கிடைத்த தொகையோ அன்றைக்கே நம் கல்லாவுக்குத் திரும்பியிருக்கும். இந்தச் சுற்று நின்றுபோனால் அவரவர் வீட்டில் டிஸ்க் தூசி பிடித்துக் கிடக்கும், அடுத்த கேமை வாங்குவதற்கு அவர்களிடம் பணமும் இருக்காது. டவுன்லோட் செய்த கேமை யாரும் விற்க முடியாது, நண்பனுக்குக் கொடுத்துவிட முடியாது, கடையில் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்க முடியாது. எத்தனை பெரிய நிறுவனமானாலும் தன் ஆன்லைன் கடையில் இதைச் செய்து கொடுக்கவில்லை. நம்மால் மட்டுமே முடிகிற ஒரு காரியம் இருந்தது, அதைத்தான் நாம் நிறுத்தினோம்.

லாபம் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். புதிய கேமில் கடைக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், பழையதில்தான் கடை பிழைக்கிறது என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவின் கேம்ஸ்டாப் என்ற கேம் கடை நிறுவனம் 2011 வாக்கில் காட்டிய கணக்கைப் பாருங்கள். விற்பனையில் கால் பங்குக்குச் சற்று மேல்தான் பழைய கேமும் கன்சோலும். மொத்த லாபத்திலோ நாற்பது சதவீதத்துக்கும் மேல் அவற்றிலிருந்துதான் வந்தது. அப்புறம் 2013. தன் புதிய கன்சோலான எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் ஒருவர் வாங்கிய டிஸ்க்கை இன்னொருவருக்கு விற்பதற்குக் கட்டுப்பாடு வைக்கப் போகிறோம், 24 மணி நேரத்துக்கு ஒருமுறையாவது கன்சோல் இணையத்தோடு பேச வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது என்ன நடந்தது? மக்கள் கொதித்தார்கள். பழைய டிஸ்க்குக்கு எங்கள் கன்சோலில் கட்டுப்பாடு இல்லை என்று சொல்லியே போட்டி நிறுவனமான சோனி அந்த ஜூன் மாதக் கேம் கண்காட்சியில் கைதட்டல் வாங்கியது, டிஸ்க்கைக் கையிலிருந்து கைக்குக் கொடுப்பதை ஒரு குட்டி வீடியோவாகவும் வெளியிட்டது. அதே மாதம் 19-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் வாபஸ் வாங்கியது. ஆடுகிறவர்கள் அவ்வளவு பெரிய கம்பெனியோடு மல்லுக்கு நின்று காப்பாற்றிக் கொடுத்த உரிமையை, அதனால் நேரடியாகப் பிழைக்கும் கடைகளே ஒரு சுற்றறிக்கையில் கைவிடுவது எனக்கு நிஜமாகவே புரியவில்லை. பிரிட்டனில் கேம் என்ற சங்கிலிக் கடையும் 2024 பிப்ரவரியில் பழைய கேம் வாங்குவதை இப்படித்தான் நிறுத்தியது. அவர்கள் செய்தார்கள் என்பது நமக்கு ஒரு காரணமாக முடியாது.

டிஸ்க்கே ஒழிந்துகொண்டிருக்கிறதே, பழைய கேம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. பி.சி. கேம்களுக்கு அது எப்போதோ நடந்துவிட்டது. 2003-இல் ஸ்டீம் என்ற டவுன்லோட் சேவை வந்த பிறகு அந்தப் பெட்டிகள் படிப்படியாக அலமாரியை விட்டே போய்விட்டன. ஆலன் வேக் 2 போன்ற பெரிய கேம் 2023-இல் டிஸ்க் இல்லாமலே வெளியானது, டிஸ்க் வருவதற்கு ஒரு வருடம் ஆனது. 2024 நவம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 5 ப்ரோ கன்சோலில் டிஸ்க் டிரைவே இல்லை, தனியாக வாங்கி மாட்ட வேண்டும். போக்கு எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரிகிறது.

ஆனால் ஏற்கெனவே விற்றவை எங்கே போய்விடும்? பிளேஸ்டேஷன் 2 மட்டுமே 15 கோடிக்கு மேல் விற்றது. கன்சோல் கம்பெனிகள் தங்கள் பழைய ஆன்லைன் கடைகளை ஒவ்வொன்றாக மூடுகின்றன. 2019 ஜனவரியில் நின்டெண்டோவின் வீ, 2023 மார்ச்சில் அதே நிறுவனத்தின் 3டிஎஸ், வீ யூ, 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360. அந்தக் கடைகள் மூடிய பிறகு அங்கே புதிதாக எதையும் வாங்க முடியாது. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இன்று சாதாரண வழியில் வாங்கக் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் ஓர் ஆய்வு வெளியிட்டது. அவற்றை ஆட ஆசைப்படுகிறவருக்குப் பழைய டிஸ்க்கையும் கார்ட்ரிட்ஜையும் (கன்சோலில் செருகும் கேம் பெட்டி) விட்டால் வழியில்லை. அவர் எங்கே போவார்? முகம் தெரியாத யாரோ ஒருவரிடம் ஆன்லைனில் வாங்கி, போலி கார்ட்ரிட்ஜ் வந்து, ஏமாந்து நிற்கிறார். இதைச் சோதித்துப் பார்த்து, துடைத்து, ஆட்டத்தைச் சேமித்து வைக்க உதவும் கார்ட்ரிட்ஜ் பேட்டரி வேலை செய்கிறதா என்று பார்த்து, இத்தனை நாள் உத்தரவாதம் என்று எழுதிக் கொடுத்து விற்க ஒரு கடை வேண்டும். அந்த வேலை தெரிந்தவர்கள் நம் கிளைகளிலேயே இருக்கிறார்கள். ஜாய்ஸ்டிக் தானாக நகரும் கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவரை வைத்துக்கொண்டு அவரை டி-ஷர்ட் மடிக்கச் சொல்கிறோம். கேம்ஸ்டாப்கூட 2024-இல் சில கிளைகளைப் பழைய கன்சோல்களுக்கென்றே ஒதுக்கியது.

புதிய பெட்டிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் திட்டு வாங்குவது நாங்கள்தான். கால் ஆஃப் டூட்டி வரிசையில் 2022-இல் வந்த கேமின் பிளேஸ்டேஷன் 5 டிஸ்க்கில் சுமார் 70 மெகாபைட்தான் இருந்தது, மீதி நூறு ஜிகாபைட்டுக்கு மேல் வீட்டில் இறக்கிக்கொள்ள வேண்டும். நின்டெண்டோ ஸ்விட்ச் 2-இல் சில கேம்களுக்கு வருவது வெறும் சாவி அட்டை, கேம் அதில் கிடையாது, டவுன்லோட் செய்த பிறகும் ஆடும்போதெல்லாம் அட்டையைச் செருகியே வைத்திருக்க வேண்டும் (அதையாவது மறுபடி விற்க முடியும் என்பது ஒரு ஆறுதல்). இன்னும் சில பெட்டிகளுக்குள் ஒரு காகிதத்தில் டவுன்லோட் செய்வதற்கான கோட் (எண்-எழுத்துக் குறியீடு) மட்டும். இணைய வேகம் குறைந்த வீட்டிலிருந்து வந்து, டிஸ்க் என்பதால் நிம்மதியாக ஆடலாம் என்று நம்பி வாங்கிப் போனவர் மறுநாள் பெட்டியோடு திரும்பி வருகிறார். சீல் உடைந்துவிட்டதால் திருப்பி எடுக்க முடியாது என்று நான் சொல்ல வேண்டியிருக்கிறது. பெட்டியில் சின்ன எழுத்தில் போட்டிருக்கிறதே என்பது அவரிடம் சொல்லக்கூடிய பதிலா?

அலமாரியில் விலைச் சீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு வரி எழுதலாம். முழு கேமும் இதில் உண்டு, அல்லது இத்தனை ஜிகாபைட் டவுன்லோட் வேண்டும், அல்லது வெறும் கோட், மறுபடி விற்க முடியாது. காசு செலவில்லாத வேலை. அதோடு கடையின் இணைய இணைப்பில் கன்சோலைக் கொண்டு வந்து கேமை இறக்கிக்கொள்ள ஒரு மேசையும் வையுங்கள். டவுன்லோட் நம் எதிரி என்று பேசிக்கொண்டே இருக்கிறோம், வீட்டில் நல்ல இணைப்பு இல்லாதவருக்கு அந்த டவுன்லோடையே நாம் செய்து கொடுத்தால் அவர் வேறு எங்கே போகப் போகிறார்?

கன்சோல் கம்பெனிகளிடமும் கொஞ்சம் உரக்கப் பேசுங்கள். கன்சோலை நாம் விற்கிறோம், பெட்டியைத் தூக்குவதும் விளக்கிச் சொல்வதும் கோளாறு என்றால் முதலில் திட்டு வாங்குவதும் நாம். அதில் பிறகு வாங்கப்படும் டவுன்லோட் ஒவ்வொன்றின் வருமானத்திலும் அவர்களுக்குப் பங்கு போகிறது. 2019 ஏப்ரல் முதல் முழு கேமுக்கான கோடுகளைக் கடைகளில் விற்பதையும் சோனி நிறுத்திவிட்டது, காசு கொடுத்து வாங்குகிறவருக்கு மிச்சம் இருப்பது கிஃப்ட் கார்டுதான். ஆனால் கேட்டால் கிடைக்கும் என்பதற்கும் சான்று இருக்கிறது. தன் கடைகள் விற்கும் எக்ஸ்பாக்ஸ்களில் வரும் டிஜிட்டல் வருமானத்தில் ஒரு பங்கு தனக்குக் கிடைக்கும்படி 2020-இல் மைக்ரோசாஃப்டோடு கேம்ஸ்டாப் ஒப்பந்தம் போட்டது. 2009-இல் சோனி டிஸ்க்கே போட முடியாத பிஎஸ்பி கோ என்ற கையடக்கக் கன்சோலைக் கொண்டு வந்தபோது சில கடைக்காரர்கள் அதை விற்கவே மாட்டோம் என்றார்கள். 2011-இல் அதன் தயாரிப்பு நின்றது. கடைக்காரர் சொல்லுக்கு மதிப்பே இல்லை என்று இன்று நாமாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

கடைகளை மாற்ற வேண்டும் என்று வரும்போதெல்லாம் கவுண்டரில் நிற்பவரிடம் கேட்காமல் எதையோ கொண்டு வருகிறார்கள், அதுதான் மனத்தில் கோபமாகத் தங்கிவிட்டது. கேம்ஸ்டாப் 2022-இல் என்எஃப்டி (டிஜிட்டல் பொருளுக்கான உரிமைச் சான்று) சந்தை திறந்து 2024-இல் மூடியது. நமக்கு வருவதோ முன்பதிவு இலக்கு, கூடுதல் உத்தரவாத இலக்கு, உறுப்பினர் அட்டை இலக்கு. டவுன்லோடில் ஒருபோதும் தீர்ந்துபோகாத ஒரு பொருளுக்கு, தீர்ந்துவிடும், இப்போதே பதிந்துகொள்ளுங்கள் என்று ஒரு சின்னப் பையனிடம் நான் எந்த முகத்தோடு சொல்வது? அவனுக்கு என்னை விட நன்றாகத் தெரியும். இந்த இலக்குகளை எட்டாததற்கு மாதா மாதம் விளக்கம் கேட்கிறீர்கள், கடைக்குள் வந்தவர் ஏன் வெறுங்கையோடு போகிறார் என்று ஒருமுறையும் கேட்டதில்லை.

கொஞ்சம் கடுமையாகப் போய்விட்டது, மன்னிக்கவும். ஆனால் இந்தக் கடைகள் இருக்க வேண்டும் என்று நினைப்பதால்தான் எழுதுகிறேன். எந்த கேம் எட்டு வயதுப் பிள்ளைக்கு ஆகாது, எது இருவர் சோபாவில் பக்கத்தில் உட்கார்ந்து ஆடலாம், எது பணத்தைப் பிடுங்கிக்கொண்டே இருக்கும் என்று கேட்டுப் போக வருகிறவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களுக்குப் பேச ஆள் வேண்டும், கொடுத்து வாங்க ஓர் அலமாரி வேண்டும்.

எல்லாக் கிளைகளிலும் உடனே வேண்டும் என்று கேட்கவில்லை. சில கிளைகளில் மட்டும் ஆறு மாதத்துக்குப் பழைய கேம் வாங்குவதையும் விற்பதையும் திருப்பிக் கொடுங்கள். ஒரு டிஸ்க்கை என்ன விலைக்கு எடுக்கலாம் என்பதை அந்தந்தக் கிளை ஊழியர்கள் முடிவு செய்யட்டும், ஏனென்றால் எந்த கேம் எந்தக் கடையில் நகரும் என்று தலைமை அலுவலகக் கணினிக்குத் தெரியாது. பழைய கேமைக் கொடுத்தவர்களில் எத்தனை பேர் அதே வருகையில் புதிதாக எதையாவது வாங்கினார்கள் என்று நாங்கள் குறித்து அனுப்புகிறோம். அதை டி-ஷர்ட் அலமாரியின் கணக்கோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இந்த மடலுக்கு ஒரு பதில் எழுதுங்கள், மறுப்பாக இருந்தாலும் காரணத்தோடு. அந்த அம்மா மறுபடி வந்து கேட்டால் நான் சொல்வதற்கு அதுவாவது வேண்டும்.

பணிவுடன்,
உங்கள் கிளை ஒன்றின் ஊழியர்