உறையில் மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

என் மகளின் மகனுக்கு இப்போது 6 வயது. 3 வயதில் காய்ச்சலும் தொண்டை நோவும் வந்தபோது வீட்டுக்குக் கிட்ட உள்ள டிஸ்பென்சரிக்குக் கூட்டிப்போனோம். ஒரு போத்தல் பாணி மருந்தும், கடதாசி உறையில் பாதியாக வெட்டிய குளிசைகளும் கிடைத்தன. ஆறாம் நாள் காலை குளிப்பாட்ட உடுப்பைக் கழற்றினால் நெஞ்சு, முதுகெல்லாம் சிவப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "சின்னமுத்துதான், வேப்பிலை வையுங்கோ" என்றார். மகள் கேட்கவில்லை, ஆட்டோ பிடித்து வைத்தியசாலைக்கு ஓடினாள்.

அங்கே முதல் கேள்வியே "என்ன மருந்து கொடுத்தீர்கள்?" என்பதுதான். உறையை நீட்டினோம். "1/2 x 3" என்று மட்டும் இருந்தது. போத்தலில் அதுவும் இல்லை. அன்று போயா விடுமுறை, டிஸ்பென்சரி பூட்டு. பாணி இளஞ்சிவப்பு, பழ வாசம் என்று நான் சொன்னதை வைத்து, பெனிசிலின் வகையைச் சேர்ந்த அமொக்சிசிலினாக இருக்கலாம் என்று வைத்தியர் ஊகித்தார். கிளினிக் கொப்பியில் சிவப்பு மையால் "பெனிசிலின் அலர்ஜி" என்று எழுதினார். அவரைக் குறை சொல்லமாட்டேன். கையில் வேறு என்ன இருந்தது அவருக்கு?

அந்த ஒரு வரி 3 வருடம் எங்களோடு அலைந்தது. காது நோவு என்று போனாலும் கொப்பியைப் பார்த்ததும் விலைகூடிய வேறு மருந்துதான். அதில் ஒன்று பிள்ளைக்கு வயிற்றோட்டத்தையும் கொண்டுவந்தது.

அண்மையில் ஒரு குழந்தைநல வைத்தியர் ஆறுதலாக இருத்திக் கேட்டார். எத்தனையாம் நாள் புள்ளி வந்தது? உதடு, கண் வீங்கியதா? மூச்சு இழுத்ததா? வாய்க்குள் புண், தோல் உரிதல்? எதுவும் இல்லை என்றோம். வைரஸ் காய்ச்சலிலேயே இப்படிப் புள்ளிகள் வரும், சில வைரஸ்களோடு இந்த மருந்து சேர்ந்தாலும் வரும், அது உண்மையான ஒவ்வாமையாக இருக்கவேண்டியதில்லை என்றார். பெனிசிலின் ஒவ்வாமை என்று பெயர் வாங்கியவர்களை முறையாகச் சோதித்தால் 10 பேரில் 9 பேருக்கு அது இல்லையாம். வைத்தியசாலையிலேயே வைத்து மருந்தைக் கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. சிவப்பு வரியை வெட்டிக் கையொப்பம் வைத்தார்.

இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். என் தங்கைக்குச் சின்ன வயதில் ஊசி போட்டு 10 நிமிடத்துக்குள் முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இழுத்தது. தொடையில் அட்ரினலின் போட்டுத்தான் பிள்ளையை மீட்டார்கள். அது வேறு சங்கதி. அப்படி வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரண்டையும் பிரித்தறிய வைத்தியருக்கு மருந்தின் பெயர் வேண்டும், தொடங்கிய நாள் வேண்டும், புள்ளியின் படம் இருந்தால் இன்னும் நல்லது. படம் எடுப்பதும் நாளைக் குறிப்பதும் எங்கள் வேலை. பெயர்?

மருந்தைக் கம்பனி வைக்கும் பெயரால் அல்லாமல் அதன் மூலப்பெயரால் எழுதவேண்டும் என்று பாடுபட்ட பேராசிரியர் சேனக பிபிலேயின் நாடு இது. 1971 இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர்தான். அரை நூற்றாண்டு கழித்து என் கையில் இருப்பது பெயரே இல்லாத உறை. சுகாதார அமைச்சு தனியார் டிஸ்பென்சரிகளுக்கு இதைக் கட்டாயமாக்கி, சரியாக நடக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். பெயர் தமிழிலும் இருந்தால் என்னைப்போன்ற அம்மம்மாக்களுக்கு உதவி.

போன கிழமை இருமலுக்குப் போனபோது, பெயரை எழுதித் தரும்படி கேட்டேன். மருந்து கொடுக்கும் தம்பி ஒருமாதிரிப் பார்த்தார், உள்ளே போய்க் கேட்டு வந்தார், எழுதினார். எழுத்து எனக்கு விளங்கவில்லை. சந்தியில் உள்ள பார்மசியில் காட்டி வாசிப்பித்தேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13