முன்னாள் மாணவர் சங்கம்: 2024–25ஆம் ஆண்டறிக்கை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், இந்த வெயிலிலும் வந்து அமர்ந்திருக்கும் பெற்றோருக்கும் உறுப்பினர்களுக்கும் செயலரின் வணக்கம். சங்க விதிப்படி 2024–25ஆம் கல்வியாண்டுக்கான அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

பரிசு பெற்ற பிள்ளைகளின் பெயர்கள் இதில் இடம்பெறவில்லை. அவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள். இந்த அறிக்கையோ நாளைக்கே வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ சுற்றும். பெயர்ப் பட்டியலைத் தலைமையாசிரியர் அறை வாசலில் ஒட்டியிருக்கிறோம். போகும்போது நின்று படித்துவிட்டுப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் தேர்வு முடிவுகள். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு 2025 மே 8 அன்றும், பத்தாம் வகுப்பு முடிவு மே 16 அன்றும் வெளியாயின. மாநிலத் தேர்ச்சி முறையே 95.03, 93.80 விழுக்காடு. நம் பள்ளி இரண்டிலும் அதற்கு மேலே நிற்கிறது. விழுக்காட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எனக்கு விருப்பமில்லை. முச்சந்தியில் கட்டியிருக்கும் ஃபிளெக்ஸ் பலகை தேவைக்கு மேலாகவே சொல்கிறது. பத்தாம் வகுப்பில் தவறிய மூவரைப் பற்றி அந்தப் பலகையில் எதுவும் இல்லை என்பதால் இங்கே சொல்கிறேன். கணித ஆசிரியரும் அறிவியல் ஆசிரியரும் கோடை விடுமுறையில் வந்து பாடம் நடத்தியதில் இருவர் ஜூலைத் துணைத்தேர்வில் தேறிவிட்டார்கள். மூன்றாவது மாணவர் மேலூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அவருடைய தந்தை நம் சங்க உறுப்பினர், இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார். மார்ச் தேர்வுக்குப் பையனை விண்ணப்பிக்க வைப்பது அவருடைய பொறுப்பு மட்டுமன்று, நம்முடையதும்கூட.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதும் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மனத்திறனில் 90 வினா, பாடத்தில் 90 வினா. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 6,695. தேறினால் ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், ஆக மொத்தம் 48,000 ரூபாய். பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. நம் ஊரில் அந்த விதி யாரையும் தடுக்காது.

தடுப்பது வேறு. தேர்வில் தேறிய பிள்ளைகளுள் சிலருக்குப் பணமே வந்து சேரவில்லை என்பது சென்ற பொதுக்குழுவில் எழுந்த புகார். விசாரித்ததில், பெரும்பாலும் ஒரே காரணம்தான். பள்ளிப் பதிவேட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இரண்டுமே இல்லாமல் வெறும் பெயர் இருக்கும். மூன்றும் மூன்று ஆட்கள் என்று கணினி முடிவுகட்டிவிடும். இன்னும் சிலர் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்பதே தெரியாமல் இருந்திருக்கிறார்கள். வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் ஒருவர் சனிக்கிழமைகளில் கணினி ஆய்வகத்தில் உட்கார்ந்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக அழைத்து, மூன்று தாள்களையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தார். பெயர்த் திருத்தத்துக்காகத் தாய்மார்களோடு மேலூருக்குப் பஸ் ஏறியதும் அவரே. நின்றுபோயிருந்த தொகை பெரும்பாலானவர்களுக்கு வந்துவிட்டது. பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு மதிப்பெண் எடுத்தால்தான் உதவித்தொகை பதினொன்றாம் வகுப்பிலும் தொடரும் என்பதைப் பெற்றோர் இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 55 போதும்.

பதினொன்றாம் வகுப்பினருக்கான தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வில் நம் மாணவி ஒருவர் தேர்வாகியிருக்கிறார். மாநிலம் முழுவதற்கும் 1,500 பேர். மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டாண்டுகள். அவர் வீட்டுக்கு வாழ்த்துச் சொல்லப் போனபோது, தொகையைவிட ‘தமிழுக்கா காசு கொடுக்கிறார்கள்?’ என்பதுதான் அவருடைய பாட்டிக்குப் பெரிய வியப்பாக இருந்தது.

இனி, இந்த ஆண்டின் சிறந்த பணி என்று நான் கருதுவது. நிர்வாகக் குழுவில் எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். பள்ளியின் தொன்மை மன்றப் பிள்ளைகள் வரலாற்று ஆசிரியரோடு மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி கழிஞ்சமலைக்குப் போனார்கள். அங்குள்ள குகைத்தளத்துத் தமிழிக் கல்வெட்டை, அதாவது பழந்தமிழ் பிராமி எழுத்தில் உள்ள கல்வெட்டை, இந்த ஊர்க்காரர்களாகிய நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருப்போம்? கல்லின்மேல் தாளை ஒட்டி மை ஒற்றி மைப்படி எடுக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும். ஆகவே கல்லைத் தொடாமல், கண்ணால் பார்த்தே வரைபடத்தாளில் எழுத்துகளைப் பார்த்து வரைந்தார்கள். கூட்டல் குறிபோல் நிற்கும் ‘க’ எல்லோருக்கும் உடனே பிடிபட்டது. மற்றவற்றுக்கு எழுத்து அட்டவணையைப் பார்ப்பதும் அண்ணாந்து பாறையைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் ‘முழாகை’ (குகை) என்ற சொல் வரை யார் உதவியும் இல்லாமல் படித்துவிட்டு, ‘ஐயா, அடுத்து வருவதற்கு வெளிச்சம் போதவில்லை’ என்றாராம். அந்த வரைபடத்தாள்களும், பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் பொறித்த மாங்குளம் கல்வெட்டைப் பற்றி அவர்கள் தயாரித்த விளக்கப் படமும் ஆண்டு விழாக் கண்காட்சியில் வைக்கப்பட்டன. மேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பகுதியில் 193.42 ஹெக்டேர் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது 2022 நவம்பரில். இரண்டே ஆண்டுகளில் அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது நீங்கள் எல்லோரும் அறிந்ததே. 2024 டிசம்பர் 9 அன்று அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 2025 ஜனவரி 7 அன்று இந்தப் பகுதி மக்கள் மதுரைக்குப் பேரணியாகச் சென்றார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சங்கம் அரசியல் பேசுவதில்லை. ஆனால் அந்த இரண்டு மாதங்களில் பள்ளியில் வேறு பேச்சே இல்லை என்பதை எழுதாமல் விட்டால் இந்த அறிக்கைக்குப் பொருளில்லை. சுற்றுச்சூழல் மன்றப் பிள்ளைகள் கண்மாய்க் கரையில் பறவைகளைக் கண்டு குறித்து வைக்கும் குறிப்பேடு அதற்கு முன்பே தொடங்கியது. ஏலம் ரத்தான பிறகும் தொடர்கிறது. இரண்டு பைனாகுலர்கள் வாங்கித் தர வேண்டும் என்று அவர்கள் எழுதிய கடிதம் இன்றைய கூட்டப் பொருளில் உள்ளது.

விளையாட்டில் பெண்கள் கோ-கோ அணி குறுவட்டப் போட்டியில் முதலிடம் பெற்று, வருவாய் மாவட்டப் போட்டியில் அரையிறுதி வரை சென்றது. அரையிறுதியில் தோற்றதற்கு எதிரணி நன்றாக ஆடியது ஒரு காரணம். நம் பிள்ளைகளுக்குப் பயிற்சி போதாதது இன்னொரு காரணம். பள்ளி விட்ட பிறகு மைதானத்தில் இறங்கினால் நாற்பது நிமிடம்கூட ஆட முடிவதில்லை. அணியில் பாதிப் பேர் ஏறும் கிராமத்து டவுன் பஸ் ஐந்தரைக்கு முன்பே போய்விடுகிறது. அதை விட்டால் அடுத்த பஸ் ஏழரைக்குத்தான். கம்பத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹாரன் சத்தம் கேட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். ‘விளையாடட்டும், ஆனால் இருட்டில் வரவேண்டாம்’ என்று ஒரு தாய் சொன்னதில் என்ன குறை காண முடியும்? பஸ்ஸை அரைமணி நேரம் தள்ளி விடக் கோரி உரிய அலுவலகத்தில் இருமுறை மனுக் கொடுத்தோம். ஏற்பு ரசீது மட்டும் கிடைத்தது. இன்று கையெழுத்து வாங்கும் மூன்றாவது மனுவில் பெற்றோர் அனைவரும் கையெழுத்திட வேண்டும். 2025 ஜனவரி 19 அன்று டெல்லியில் இந்தியப் பெண்கள் அணி நேபாளத்தை 78–40 என்று வென்று முதல் கோ-கோ உலகக் கோப்பையைக் கைப்பற்றியதைப் பற்றி நம் அணிப் பெண்கள் ஒரு வாரம் பேசித் தீர்த்தார்கள். அதே நாளில் கோப்பை வென்ற ஆண்கள் அணியில் தமிழ்நாட்டு வீரர் சுப்ரமணியும் இருந்தார்.

கலைத் திருவிழாவில் ஒயிலாட்டக் குழு மாவட்ட அளவில் இரண்டாம் இடம். சலங்கையும் கைக்குட்டைகளும் ஊர் ஆட்டக் குழுவிடம் இரவல் வாங்கியவை. பயிற்சி கொடுத்த பெரியவர் சம்பளமாக எதுவும் வாங்க மறுத்து, ‘பயல்கள் அடவைச் சுருக்காமல் ஆடினால் போதும்’ என்றார். போட்டிக்குக் கொடுக்கும் சில நிமிடங்களுக்காக ஆட்டத்தை வெட்டுவதில் அவருக்கு உடன்பாடு இல்லை, எனக்கும் இல்லை. ஓவியம், மாறுவேடம், கட்டுரை ஆகியவற்றில் பெற்ற பரிசுகள் பட்டியலில் உள்ளன.

மதுரை புது நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு எட்டு, ஒன்பதாம் வகுப்பினரை அழைத்துச் சென்ற செலவைச் சங்கம் ஏற்றது. கல்லூரியில் சேர்ந்திருக்கும் நம் மாணவிகள் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்கள் 2024 ஆகஸ்டில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் பெறுகிறார்கள். இத்திட்டங்களுக்காக, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த சான்று கேட்டு வருவோர் வேலை நாளில் காலையிலேயே வந்தால் அலுவலக உதவியாளருக்குச் சிரமம் குறையும்.

சங்க விஷயம் ஒன்று. ஆண்டுச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பட்டியல் நீளமாக இருக்கிறது. வெளிநாட்டில் இருப்போர் ஒழுங்காகச் செலுத்துகிறார்கள்; பள்ளிச் சுவரை ஒட்டிக் குடியிருப்போர்தான் பாக்கி. பைனாகுலர் வாங்கும் தீர்மானமும் பஸ் மனுவும் நிறைவேறிய பின், வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலர்